ரெண்டாம் பிரதிவாதி

கை போன மனுஷனுக்குக் கோபம் மட்டும் ரெண்டு கையோடு வரும், கண்ணுகளா. தூள்காரி வீட்டில் அன்றைக்குத் தண்ணீர்ப் பானை உடைந்தது. போன வாரம் முகம் பார்க்கிற கண்ணாடி. அதற்கு முன்னால் நாற்காலிக் கால். சங்கதி பெரிசாக ஒன்றுமில்லை, புருஷனுக்குச் சட்டைப் பொத்தான் மாட்ட வரவில்லை. இடது கை விரல்கள் பொத்தானைத் துளைக்குள் தள்ளத் தள்ள அது வழுக்கிக்கொண்டே போனது. அவள் எட்டி உதவப் போனாள். பானை சுவரில் போய் மோதியது.

"நம்ம வீட்ல சாமான் கம்மி, நல்லதாப் போச்சு," என்று அவள் ஓட்டாஞ்சில்லுகளைப் பொறுக்கினாள். "இன்னும் கொஞ்ச நாள்ல உடைக்க ஒண்ணும் இருக்காது. அப்புறம் நிம்மதி."

"அப்புறம் நீ இருக்கே."

"நான் பானை இல்ல. உடைஞ்சா கீறிடுவேன்."

முன்பென்றால் இதற்கு அவன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். மரம் அறுக்கிற மில்லில் ரம்பம் பார்த்தவன் அவன். எல்லோரும் 'ரம்பம்' என்றே கூப்பிடுவார்கள். வேலையும் அது, பேச்சும் அது. டீக்கடையில் ஒரு கதையை ஆரம்பித்தால் டீ ஆறி, கிளாஸ் காய்ந்து, கேட்டவன் கொட்டாவி விட்டு எழுந்து போகிறவரை அறுப்பான். அவளும் அதே மில்லில் மரத்தூளை அள்ளிச் சாக்கில் கட்டியவள்தான். தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் தூள் படிந்து மஞ்சளாக வருவாள். அதனால் தூள்காரி. இப்போது அவன் வலது கை முழங்கைக்கு மேலேயே முடிந்துபோனது. மில் கேட்டுக்குள் அவளையும் விடுவதில்லை. வாசல் பக்கத்து அறையில் மேஜை போட்டு, கரிப்பெட்டியால் தெருவுக்கெல்லாம் துணி தேய்த்துக் கொடுக்கிறாள்.

மில்லில் மூன்றாவதாக ஒருத்தன் இருந்தான். அவளுடைய தம்பி. தாயும் தகப்பனும் போன பிறகு இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை. கல்யாணம் ஆகி வந்தபோது அவள் கொண்டுவந்த சீதனம் அவன் ஒருத்தன்தான். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. "அதான் பல்லு முளைச்ச பிள்ளையாவே ஒண்ணைக் கூட்டிட்டு வந்துட்டாளே, இன்னொண்ணு எதுக்கு" என்பான் ரம்பம். அவனே மில்லுக்குக் கூட்டிப்போய், அவனே வேலை கற்றுக்கொடுத்து, தன் எதிரிலேயே கம்பி பிடிக்க வைத்தான்.

அந்தக் கம்பியைப் பிடித்தவன்தான் அந்தக் கையை எடுத்தான்.

மரம் அறுக்கிற இடத்தை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள், சொல்கிறேன். இரும்புப் பட்டை மேல் ஓடுகிற ஒரு வண்டி. அதில் ஆள் உயர மரத்தைக் கிடத்துவார்கள். வண்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் கம்பியைப் பிடித்து நிற்பான். கம்பியை முன்னால் தள்ளினால் வண்டி ரம்பத்தைப் பார்த்துப் போகும், பின்னால் இழுத்தால் நிற்கும். மரத்துக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தன் ஆப்பு அடித்து, கொக்கி மாட்டி, மரம் உருளாமல் பார்ப்பான். மரம் பெருத்தால் இவனுக்கு அவன் முகம் தெரியாது. அதற்காக மேலே ஒரு மணி தொங்கும். ஒரு இழுப்புக்கு ஓட்டு, ரெண்டு இழுப்புக்கு நிறுத்து. மணி நாக்கு அறுந்து விழுந்து வெகு நாளாயிற்று. தம்பி போய்ச் சொன்னதற்கு மொதலாளி, "ஏன், உங்களுக்கு வாய் இல்லையா?" என்றார். வாய் இருந்தது. வாயாலேயே வேலை நடந்தது. 'பிடி' என்றால் கம்பியைப் பின்னால் இழு. 'விடு' என்றால் முன்னால் தள்ளு. ரம்பச் சத்தத்தில் காது செவிடாகிற இடத்தில் அந்த ரெண்டு எழுத்து வார்த்தைதான் கேட்கும்.

அன்றைக்கு வண்டி நின்றிருந்தது. ரம்பம் சுற்றிக்கொண்டிருந்தது. கொக்கி, மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற அவள் புருஷன் சட்டைக் கையைக் கவ்வியது. அவன் கத்தினான். வண்டி முன்னால் போனது. தூள் அள்ளிக்கொண்டிருந்த தூள்காரி சத்தம் மாறுவதைத்தான் முதலில் கேட்டாள். மரம் அறுபடும்போது ரம்பம் ஒரு ராகத்தில் அழும். அந்த ராகம் சட்டென்று மெத்தென்று ஆனது. பிறகு அவள் அள்ளிக்கொண்டிருந்த தூள் சிவப்பாக வந்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அவன் எங்கே?"

"வெளிய உக்காந்து அழறான்."

"நிறுத்துன்னு கத்தினேன். கேட்டுக்கிட்டே தள்ளினான். இந்தக் கட்டு அவுந்ததும் அவன் கையை நான் எடுக்கிறேன்."

வலியில் உளறுகிறான் என்று நினைத்தாள். உளறல் இல்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்கே கட்டிலுக்கு அடியில் கிடந்த கைக்கோடாலியை எடுத்துக்கொண்டு தம்பி தங்கியிருந்த அறைக்குப் போனான். தம்பி அங்கே இல்லை. கதவைப் பிளந்தான், கட்டிலைப் பிளந்தான், தலையணையைப் பிளந்தான். ஓடிப்போய்ச் சேர்ந்த தூள்காரி கண்டது, ஆணியில் மாட்டியிருந்த தம்பியின் சட்டை. எல்லாம் சரியாக இருந்தது. வலது கை மட்டும் வெட்டித் தரையில் கிடந்தது.

மறுநாள் அவள் தனியாக வக்கீலம்மாவிடம் போனாள். மொதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்குக்கு அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"என் தம்பி பேரையும் போடுங்கம்மா."

வக்கீலம்மா பேனாவை வைத்தாள். "ஏன்? மொதலாளி ஒருத்தரே போதும். உன் கூடப் பிறந்தவன்தானே?"

"அதனாலதான். கோர்ட்டு வெட்டினா உசிரு மிஞ்சும்."

அப்படித்தான் தம்பி ரெண்டாம் பிரதிவாதி ஆனான். வக்கீலம்மாவே போட்டதாக ரம்பத்திடம் சொல்லிவைத்தாள். "கூண்டுல நின்னு எல்லார் முன்னாடியும் பதில் சொல்லணும்" என்று கேட்டதும் அவன் கோடாலியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். வழக்கு என்பது தம்பியின் கழுத்தில் விழுந்த கயிறு என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அது தன் புருஷன் கழுத்தில் தான் கட்டிய கயிறு என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் கயிறு தாங்கியது. வாய்தாவுக்கு வாய்தா ரம்பம் ஒரு சுவரில் சாய்ந்து நிற்பான், தம்பி எதிர்ச் சுவரில் நிற்பான். அவனுக்கும் மொதலாளிதான் வக்கீல் வைத்திருந்தார். வேலையும் அங்கேயேதான். இவன் தரப்புக் காகிதம், 'வண்டியை நிறுத்துமாறு வாதி உரக்கக் கூவியும் இரண்டாம் பிரதிவாதி செவிமடுக்கவில்லை' என்றது. அவன் தரப்புக் காகிதம், 'வாதியே வண்டியை இயக்குமாறு உத்தரவிட்டார்' என்றது. இவன் அதைப் படிக்கக் கேட்ட அன்றைக்கு நாற்காலிக் கால் போனது. "பொய் சொல்றான். சோறு போட்ட வீட்டுக்குப் பொய் சொல்றான்." தம்பியும் அக்காவைத் தெருமுனையில் பார்த்தபோது அதையேதான் சொன்னான். "மாமா பொய் சொல்றாரு அக்கா. கையும் போய் நாக்கும் புரண்டுபோச்சு." ரெண்டு பேரும் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். அவளுக்கு இருப்பது ஒரு தலை.

பானை உடைந்த அன்றைக்குத்தான் வக்கீலம்மா கூப்பிட்டு அனுப்பினாள்.

"மொதலாளி புது மணி மாட்டிட்டாரு. அது எப்பவும் அங்கதான் இருந்ததுன்னு சொல்றாரு. இல்லைன்னு சொல்ல நம்மகிட்ட யாரு இருக்கா? நீ வாதி பொண்டாட்டி, உன் பேச்சு எடுபடாது. மத்தவங்க வாயைத் திறந்தா வேலை போகும்."

"என் தம்பிக்குத் தெரியும். அவன்தான் போய்ச் சொன்னதே."

"அவன் பிரதிவாதி. மொதலாளி வக்கீல்தான் அவனுக்கும் வக்கீல். மொதலாளியோட ஒரே கயித்துல கட்டிவச்சுட்டு, அவரை எதிர்த்துப் பேசுன்னா எப்படிப் பேசுவான்? அவனை நாம விட்டுடலாம்."

"விடறதுன்னா?"

"கேஸ் நாம போட்டது. வேணாம்னு தோணுற ஆளை நாமளே எடுத்துடலாம். மொதலாளி மேல கேஸ் அப்படியே நடக்கும். உன் தம்பி வெளிய வந்துட்டா நமக்குச் சாட்சி." வக்கீலம்மா கொஞ்சம் நிறுத்தினாள். "ஆபத்தும் இருக்கு. ஆள் இல்லாத இடத்துல அவன் தலையிலயே மிளகா அரைப்பாங்க. எல்லாம் அந்தப் பையன் பண்ணினதுன்னு தள்ளிவிடுவாங்க. அதை நான் பார்த்துக்கறேன். இன்னொண்ணு. பின்னால வேணும்னா திரும்பச் சேர்க்கிற உரிமையோட விடலாம், இல்ல ஒரேயடியா விடலாம். ஒரேயடியா விட்டா இந்தக் கைக்காக அவன் மேல இனி ஜென்மத்துக்கும் வழக்குப் போட முடியாது."

"யாரு சொல்லணும் அதை?"

"வாதிதான். உன் வீட்டுக்காரரு."

தூள்காரிக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப நடந்தாப்லதான்."

அன்று மாலை ஒரு சட்டையை விரித்துத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். பெட்டி போகிற வழியைத்தான் பார்த்தாள்.

"யாரு யோசனை இது?"

"வக்கீலம்மா யோசனை. மணி விஷயம் அவனுக்குத்தான் தெரியும்."

"மணி." அவன் மேஜைப் பக்கம் வந்தான். "என் கையை மணி எடுத்துதா?"

"நான் அதைச் சொல்லலை."

"பத்து மாசம் நான் பால் சோறு ஊட்டியிருக்கேன் அவனுக்கு. காய்ச்சல்னா நான் தூக்கிட்டு ஓடியிருக்கேன். நிறுத்துன்னா நிறுத்தலை. அவனை நீ விடச் சொல்றே."

"கேஸ் ஜெயிக்கணுமா வேணாமா?"

அடி கன்னத்தில் விழுந்தது. இடது கை அடிக்கப் பழகாத கை. உள்ளங்கை படாமல் மணிக்கட்டு எலும்பு பட்டது, அதனால் வலி கூட. அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள், சட்டை கருகிவிடக் கூடாதே என்று. பிறகு அவன் மார்பில் ரெண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். அவன் சுவரில் போய் விழுந்தான். ஒரு கை இல்லாதவனுக்கு விழும்போது ஊன்றத் தெரியாது.

"நல்லாத் தள்ளு," என்றான் கீழே கிடந்தபடி. "அக்காளும் தம்பியும் தள்ளிப் பழகினவங்கதானே. ஒண்ணு தெரிஞ்சுக்கோ. அந்தக் காகிதத்துல அவன் பேரு இருக்கிறவரைக்கும்தான் அவன் உசிரோட இருப்பான். எடுத்துப் பாரு. அப்புறம் கட்டிலுக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்கு மறந்துபோகலை."

அவளுக்கும் மறக்கவில்லை. பேரை எடுத்தால் தம்பி சாவான். எடுக்காவிட்டால் வழக்கு சாகும், வழக்கு செத்த மறுநாள் இந்தக் கயிறும் அறும், அப்போதும் தம்பிதான் சாவான்.

இப்படி இருக்கையில் பேச்சு எப்படியோ மொதலாளி காதுக்குப் போய்விட்டது. வக்கீல் வீட்டுச் சுவருக்குக் காது உண்டோ, டீக்கடை பெஞ்சுக்கு வாய் உண்டோ, யார் கண்டார்கள். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மில்லில் மேஸ்திரி, மொதலாளியின் வலது கை அவர், தம்பியை அடுக்கி வைத்த மரங்களுக்குப் பின்னால் கூப்பிட்டார். அறுந்துபோன மிஷின் பெல்ட் ஒரு முழம் கையில் வைத்திருந்தார்.

"சாட்சி சொல்லப் போறியாமே?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேஸ்திரி."

"தெரியாதுன்னு நல்லா ஞாபகம் வச்சுக்கோ." ஞாபகம் இருக்கட்டும் என்று அடித்தார். ரெண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். மழையில் நனைந்த பெல்ட் தோலைப் பிடித்து உரித்துக்கொண்டு வரும். முதுகு முடிந்து முகத்துக்கு வந்தார். உதடு கிழிந்தது, ஒரு கண் மூடிக்கொண்டது.

அடிபட்ட பிள்ளை எங்கே போகும், சொல்லுங்கள். கால் அவனைக் கேட்காமலேயே அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டது. பகல் வேளை. தூள்காரி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணிமேல் பெட்டி பட்டு 'சொய்ங்' என்று ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. வாசலில் இவன் வந்து நின்றான், முகம் முகமாக இல்லை.

"அக்கா."

அவள் வாய் திறக்குமுன் உள்ளே இருந்து ரம்பம் வந்துவிட்டான்.

வந்த வேகத்தில் தலையால் முட்டினான். தம்பி மேஜைமேல் விழுந்து, மேஜையோடு தரையில் விழுந்தான். தேய்த்த துணி எல்லாம் சேற்றில் போனது. ரம்பம் அவன் மார்பில் முழங்காலை ஊன்றி, இருந்த ஒரு கையால் கழுத்தைப் பிடித்தான். மரம் புரட்டிய கை, கண்ணுகளா. ஒன்றானாலும் அது ரெண்டு. கட்டை விரல் தொண்டைக்குழியில் இறங்கியது. தம்பியின் கால் தரையை உதைத்தது, பிறகு தேய்த்தது. அவன் மாமாவின் வெட்டுப்பட்ட கையைப் பிடித்துத் திருகினான். அந்த இடத்தில் தொட்டால் ரம்பத்துக்கு உயிர் போகும். போகட்டும் என்று ரம்பம் தொண்டையை இன்னும் அழுத்தினான்.

தூள்காரி முதுகில் குத்தினாள். முடியைப் பிடித்து இழுத்தாள். காதைக் கடித்தாள், ரத்தம் வாயில் வந்தது. அவன் நகரவில்லை. தம்பியின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

அவள் கரிப்பெட்டியை எடுத்தாள். புருஷனின் தோள்பட்டைக்குப் பின்னால், துணி தேய்க்கிற மாதிரியே, நிதானமாக வைத்து அழுத்தினாள்.

சட்டை கருகி, தோல் கருகிய வாடை வந்தது. அவன் கதறிக்கொண்டு உருண்டான். தம்பி குப்புறப் படுத்து இருமினான், வாந்தி எடுத்தான். அவள் நடுவில் பெட்டியைப் பிடித்தபடி நின்றாள். அதன் வாயில் கரி கனன்றது.

"ரெண்டு பேருல யாரு அசைஞ்சாலும் மூஞ்சியில வைப்பேன்."

ரம்பம் சுவரில் சாய முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்தான்.

"கேளு அவனை," என்றான் மூச்சு வாங்க. "உன் முன்னாடி சொல்லச் சொல்லு. வக்கீல் வேணாம், காகிதம் வேணாம். அன்னைக்கு நான் என்னடா சொன்னேன்? உங்க அக்காவைப் பார்த்துச் சொல்லு."

தம்பிக்குக் குரல் வரவில்லை. எச்சிலையும் ரத்தத்தையும் துப்பிவிட்டுச் சொன்னான்.

"விடுன்னே."

"கேட்டியா?" ரம்பம் அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் வெறியோடு ஒரு சந்தோஷமும் இருந்தது. "கேட்டியாடி? அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான். விடு, விடுன்னு கத்தினேன். கொக்கி இழுத்துக்கிட்டு இருக்கு, விடுடான்னு கத்தினேன்."

"ஆமா. விடுன்னே." தம்பி முழங்காலில் எழுந்தான். "விட்டேன்."

தூள்காரி கையில் பெட்டி கனத்தது. அதைத் தரையில் வைத்தாள்.

அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. வருஷக்கணக்காக அந்தத் தூளில் நின்றவள் அவள். 'பிடி'க்கு ஒரு சத்தம் போடும் வண்டி, 'விடு'வுக்கு ஒரு சத்தம் போடும். அதே வாயால் வீட்டுக்கு வந்து அவன் தாலாட்டு மாதிரிச் சொல்கிற 'விடுடி, அதைப் போய்ப் பெரிசு பண்ணிக்கிட்டு' என்பதையும் கேட்டவள். மில்லில் விடு என்றால் ஓட்டு. மில்லுக்கு வெளியே, உலகம் பூராவும், கையைப் பிடித்தவனிடம் விடு என்றால் விடு.

"நீ எந்த விடு சொன்னே?" என்று கேட்டாள்.

"என்னது?"

"கொக்கி கையைப் பிடிச்சுது. சின்னப் பிள்ளையில யாராவது கையை முறுக்கினா கத்துவோமே, அந்த விடுவா? இல்ல, மில்லுல வருஷக்கணக்கா கத்தினியே, அந்த விடுவா?"

அவன் வெட்டுப்பட்ட கையைக் குனிந்து பார்த்தான்.

"எனக்கு உன் மூஞ்சி தெரியலை மாமா," என்றான் தம்பி. "மரம் மறைச்சுது. நிறுத்தணும்னா பிடின்னு சொல்லுவே. நீதானே சொல்லிக்கொடுத்தே. காதுல விழுந்ததும் கை தானாப் போயிடணும், யோசிக்கக் கூடாது, யோசிச்சா ஆளு காலின்னு. யோசிக்கலை மாமா."

ரம்பம் எழுந்தான். கோடாலிக்குத்தான் போகிறான் என்று அவள் வழியை மறித்தாள். அவன் அவளைத் தாண்டிப் போகவில்லை. கதவு நிலையில் போய் நின்று, வெட்டுப்பட்ட கையால் அதைக் குத்தினான். தையல் போட்டு ஆறிய இடம் முதல் குத்தில் வெளுத்தது, அடுத்ததில் பிளந்தது. குத்திக்கொண்டே இருந்தான். நிலை சிவந்தது. தூள்காரி இடுப்பைப் பிடித்து இழுத்தாள், முடியவில்லை. கழுத்தில் விரல் தடம் பதிந்த தம்பி பின்னாலிருந்து வந்து கட்டிப்பிடித்தான். மூன்று பேரும் ஈரத்துணிமேல் விழுந்தார்கள்.

"அப்ப யாருடி?" என்று அவன் கூரையைப் பார்த்துக் கேட்டான். "அவன் இல்லன்னா யாரு? என் வாயா? என் கையை என் வாயே தின்னுடுச்சா?"

"உன் வாயும் இல்ல, அவன் காதும் இல்ல," என்றாள் அவள். "அந்த இடத்துல வாய்க்கும் காதுக்கும் என்ன வேலை? அங்க மணி இருந்திருக்கணும்."

அவன் புரண்டு தம்பியின் முதுகைப் பார்த்தான். சட்டை கிழிந்து வரி வரியாகத் தெரிந்தது.

"இது நான் அடிச்சது இல்லையே."

"மேஸ்திரி," என்றான் தம்பி.

"பெல்ட்டா?"

"ம்."

"நனைஞ்சதா காய்ஞ்சதா?"

"நனைஞ்சது."

"எடுபட்டவன்," என்றான் ரம்பம். அவ்வளவுதான் பேசினான்.

அதற்குப் பிறகு நாலு நாள் வீட்டில் ஒன்றும் உடையவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. உடைக்கிறவன் உடைக்காமல் இருந்தால் எங்கேயோ சேர்த்துவைக்கிறான் என்று அர்த்தம். அவன் தோள் புண்ணுக்கு அவளே மருந்து தடவினாள். "நல்லாத் தேய்ச்சிருக்கே, மடிப்பே தெரியலை" என்றான். சிரித்தானா இல்லையா என்று முதுகுப் பக்கமிருந்து அவளுக்குத் தெரியவில்லை. தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. புரிந்துகொள்வது ஒரு கரை, மன்னிப்பது எதிர்க்கரை. நடுவில் ஓடுகிற தண்ணீரில் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். அவன் வெளியே போயிருந்தபோது அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கோடாலி அங்கேயேதான் இருந்தது. அதை எடுத்து ஒளித்துவைக்கலாமா என்று கை போனது. ஒளித்தால் நம்பவில்லை என்று ஆகும். அப்படியே விட்டு எழுந்தாள்.

ஒருநாள் காலையில் அவனே சொன்னான். "வக்கீலம்மாவைப் பார்க்கணும். வா."

அடுத்த வாய்தா அன்றைக்குக் கோர்ட்டு அறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றியது. நீதிபதிக்கு ஜலதோஷம், கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. தம்பி இன்னும் மொதலாளி பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான், கண் பாதி திறந்திருந்தது. அவன் பின்னால் மேஸ்திரி, அவன் தோளில் அன்பாகக் கை வைப்பவர் மாதிரிக் கை வைத்துக்கொண்டிருந்தார்.

வக்கீலம்மா எழுந்து சொன்னாள். ரெண்டாம் பிரதிவாதியை வழக்கிலிருந்து எடுத்துவிட வாதி விரும்புகிறார், முதல் பிரதிவாதி மேல் வழக்கு நடக்கும். மொதலாளியின் வக்கீல் துள்ளி எழுந்தார். அந்தப் பையன்தான் எல்லாவற்றுக்கும் காரணம், அவனை எடுத்தால் எங்கள் கட்சி என்னாவது என்றார். நீதிபதி தும்மினார்.

"அவங்க போட்ட வழக்கு. அவங்க ஒருத்தரை வேணாங்கறாங்க. உங்களுக்கு என்ன? வாதி யாரு, இங்க வாங்க."

ரம்பம் போய் நின்றான். காலிச் சட்டைக் கையை அவள் அன்றைக்கு நன்றாக மடித்துத் தேய்த்து ஊசி குத்தியிருந்தாள்.

"யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கலையே?"

"என்னை மிரட்ட ஆளு இல்லைங்க."

"பின்னால திரும்பச் சேர்க்க உரிமை வேணுமா, இல்ல ஒரேயடியாவா? யோசிச்சுச் சொல்லுங்க. ஒரேயடியான்னா அவரு மேல உங்களுக்கு இனி எதுவும் இல்ல."

வக்கீலம்மா அவனைப் பார்த்தாள். உரிமையோடு விடுவதாகத்தான் அவளிடம் பேசி வைத்திருந்தான். தூள்காரி கணக்குப் போட்டாள். திரும்பச் சேர்க்கலாம் என்றால் கயிறு கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஒரேயடியாக என்றால் நடுவில் ஒன்றுமே இல்லை.

"ஐயா, ஒண்ணு சொல்லணும்," என்றான் ரம்பம். "இந்தப் பையன் பேரைச் சேர்த்தது வக்கீலம்மா இல்ல. என் பொண்டாட்டி."

தூள்காரிக்குப் பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது, தம்பி எழுந்திருக்க வேண்டும்.

"நான் இவனை வெட்டிடுவேன்னு பயந்து சேர்த்தா. எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். அவ பயந்தது சரிதான், வெட்டியிருப்பேன். போன வாரம்கூடக் கழுத்தைப் பிடிச்சேன்." நீதிபதி கைக்குட்டையை இறக்கினார். "இனிமே அவளுக்கு அந்தப் பயம் வேணாம். அதை இங்க சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். எழுதிக்குங்க. ஒரேயடியா."

எழுதுகிறவன் எழுதினான். மேஸ்திரியின் கை தம்பியின் தோளிலிருந்து எழுந்தது. "வெளிய வருவேல்ல," என்று மட்டும் அவர் அவன் காதில் சொன்னது அவளுக்கும் கேட்டது.

வெளியே வெயில் வெளுத்துக் கிடந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் மேஸ்திரியின் ஆட்கள் ரெண்டு பேர் வண்டியில் சாய்ந்து பீடி பிடித்தார்கள். எதிர்ப்புறம் பஸ் நிற்கிற இடம், நடுவில் லாரிகள் ஓடுகிற ரோடு. ரம்பம் படியில் இறங்கினான். அவள் ரெண்டடி பின்னால். தம்பி எங்கே நடப்பது என்று தெரியாமல் தயங்கித் தயங்கி வந்து, மாமாவின் வலது பக்கம் ஒட்டினான். சட்டைக் கை மடித்திருந்த பக்கம். அடி விழ முடியாத பக்கம்.

ரம்பம் நின்றான்.

"அங்க ஏன்டா வர்றே?"

தம்பி ஓரடி பின்வாங்கினான்.

"இந்தப் பக்கம் வா. அந்தப் பக்கம் எவனாவது உன்னை இழுத்தா, பிடிக்க எனக்குக் கை இல்ல."

தூள்காரி அந்த இடது கையைப் பார்த்தாள். புறங்கையில் நரம்பு புடைத்திருந்தது, விரல்கள் பாதி மடங்கி இருந்தன. தம்பியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு லாரி போனது, இன்னொன்று போனது. பிறகு அவன் மாமாவின் முதுகுக்குப் பின்னால் சுற்றி, அந்தக் கை எட்டுகிற பக்கமாக வந்து நின்றான்.